இரண்டாம் தடவை கேட்டவள்

விகிலின் முகத்தில் இருந்த இரண்டு தழும்புகளும் அவன் அண்ணி ஃபிலோமெனா போட்டவை. மேலுதடு பிளந்து முன்பல் போன இடம் ஒன்று. இடது காதடியிலிருந்து தாடை வரை இறங்கும் கோடு இன்னொன்று. முதலாவதைப் போடும்போது அவளுக்குக் கோபம் இருந்தது. அரை மணி நேரம் கழித்து இரண்டாவதைப் போடும்போது கோபமே இல்லை. ஊரில் இதை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. மாற்றிச் சொன்னால் கதை அவர்களுக்கு இன்னும் ருசிக்கிறது.

ஃபிலோமெனா மலைமுதுகுக்கு அந்தப்புறத்துப் பள்ளத்தாக்கில் பிறந்தவள். ஒன்பது வயதில் ஒரு பிப்ரவரிக் காலையில் பனிச்சரிவு அவள் வீட்டின் மேல் வந்து விழுந்தது. அம்மாவும் இரண்டு தம்பிகளும் அங்கேயே முடிந்தார்கள். அவள் மட்டும் அடுப்புத் திண்டுக்கும் சுவருக்கும் இடையில் ஏழு மணி நேரம் கிடந்தாள். வெளியே இழுத்தபோது அவள் அழவில்லை. இழுத்தவன் கையைக் கடித்தாள்; அவனுக்கு எலும்பு தெரிந்ததாம். இருபத்திரண்டில் ரோமெதைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது அந்தக் கதை அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "பனி தின்னுட்டுத் துப்பினவ" என்று கிணற்றடியில் பெயர் வைத்தார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். குளிர்காலத்தில் ஒரு கதவைச் சாத்தினாலும் சத்தம் வராமல் சாத்துவாள். அதைப் பயம் என்றார்கள்.

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையின் தென் திரோலில் எங்கள் ஊர்ப் பண்ணைகளுக்குப் பாதிப் புல்வெளி மேலே, மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கும் மேலே இருக்கிறது. கோடையில் அங்கே அறுத்த புல்லை அங்கேயே கொட்டகையில் அடைத்துவிட்டு, பனி விழுந்த பிறகு சறுக்குவண்டியில் ஏற்றிக் கீழே இறக்குவார்கள். வண்டியின் முன்கொம்பைப் பிடித்துக்கொண்டு, கனத்தை முதுகில் தாங்கி, குதிகாலால் பனியைக் கிழித்தபடி ஆள் முன்னால் ஓட வேண்டும். வண்டி ஆளை முந்தினால் ஆள் இல்லை. அதற்காக வண்டிக்குப் பின்னால் இரண்டு மூன்று புல்கட்டுகளைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுபடவிடுவார்கள். அதுதான் பிரேக்.

வழியில் ஒரு சாய்வு. ஊரார் வைத்த பெயர் போர்வை. மரமில்லை, பாறையில்லை, நானூறு அடி அகலத்துக்கு ஒரே வழவழப்பு. அதைக் கடக்குமுன் முதலில் நடப்பவர் தன் கோலைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தைப் பனிக்குள் இறக்கிப் பார்ப்பார். எங்கே இறுகுகிறது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று கைக்குத் தெரியும். "தாங்குது" அல்லது "தாங்காது" என்று ஒரே வார்த்தை. ஒரு நாளுக்கு ஒரு வார்த்தைதான். காலையில் சொன்னது மாலை வரை. கோலை இரண்டாம் தடவை கேட்பது, சொன்னவரைப் பொய்யர் என்று முகத்தில் துப்புவதற்குச் சமம். இதற்காக ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது.

கோல் வீட்டின் மூத்த ஆணுக்கு உரியது. ஐம்பதாம் வருஷம் நவம்பரில் வெட்டிய மரம் உருண்டு ரோமெதின் இடுப்பை நொறுக்கியது. அவன் படுக்கையிலிருந்தபடி கோலை யாருக்குக் கொடுப்பான் என்று ஊருக்கே தெரியும். தம்பி விகிலுக்கு முப்பத்தியிரண்டு வயது. பள்ளத்தாக்கில் அவனைப்போல் வண்டி இறக்குபவன் இல்லை. ரோமெத் கோலை மனைவியிடம் நீட்டினான்.

"பொம்பளைகிட்டயா?" என்றான் விகில்.

"உனக்குத் தைரியம் இருக்குடா. அது இருக்கிறவன்கிட்ட கோல் இருக்கக் கூடாது."

விகில் கதவை உதைத்துவிட்டுப் போனான். கீல் ஒன்று கழன்றது. அதைப் பிறகு ஃபிலோமெனாதான் மாட்டினாள்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் பனி கொஞ்சமாக விழுந்தது. பிறகு ஆறு வாரம் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மூக்குமுடி உறையும் குளிர். அந்தக் குளிரில் தரையோடு கிடந்த மெல்லிய பனி உள்ளுக்குள்ளேயே மாறிப்போனது. கையில் அள்ளினால் ஒட்டாது. சீனி போல உதிரும். ஜனவரியில் நான்கு நாள் புயல் அடித்தது. மலைமுதுகைத் தாண்டி வந்த காற்று, பனியைப் பொடித்து அந்தச் சீனியின் மேல் பலகை பலகையாக அடித்து இறுக்கிவிட்டது.

புயல் ஓய்ந்த காலையில் கீழ்க்கொட்டகையில் பதினொரு மாடுகளுக்கு இரண்டு நாள் புல் மிச்சம் இருந்தது. கோடை மழையில் கீழ்ப்புல் அழுகிப்போன வருஷம் அது. மூன்று நாளாக மாடுகளுக்குத் தேவதாருக் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தாள். சினையாக இருந்த இரண்டும் அதை முகர்ந்துவிட்டுக் கத்தின. பக்கத்துப் பண்ணைகளிலும் அதே கதை. கடன் கேட்க ஆள் இல்லை. மேலே போய்ப் புல் இறக்க வேண்டும், அல்லது கத்தியைத் தீட்ட வேண்டும்.

மூன்று பேர், ஆளுக்கொரு வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஃபிலோமெனா, விகில், பக்கத்துப் பண்ணைக் கசியன். கசியனுக்கு ஐம்பத்தைந்து வயது. வாய் மட்டும் இருபது.

போர்வையின் ஓரத்தில் அவள் நின்றாள். கோலைத் திருப்பி இறக்கினாள். மேலே ஒரு சாண் மென்மை. அதன் கீழே பலகை. நெஞ்சை வைத்து அழுத்த வேண்டியிருந்தது. முழங்கை ஆழத்தைத் தாண்டியதும் பலகை திடீரென்று முடிந்தது. கோல் அவள் கையிலிருந்து நழுவுவது போலத் தரை வரை விழுந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. சீனி மூட்டைக்குள் குச்சியை விட்டது போல.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, உள்ள பாதிரியார் யாரும் படுத்திருக்காரா? இவ்வளவு நேரம் குசலம் விசாரிக்கிற?" என்றான் கசியன்.

"அண்ணிக்கு வீட்டு ஞாபகம் வந்திருக்கும்," என்றான் விகில். "தாங்காதுன்னு சொல்லப் போறாங்க பாருங்க. நான் ராத்திரியே சொன்னேன். பனி துப்பினது பனியைக் கண்டா நடுங்கத்தான் செய்யும்."

கீழே, அவ்வளவு தூரத்தில், ஏதோ ஒரு கொட்டகையில் மாடு கத்துவது கேட்டது. அவர்களுடையதாக இருக்க முடியாது. ஆனாலும் கேட்டது. அவள் கோலை உருவினாள்.

"தாங்குது," என்றாள்.

ஒவ்வொருவராக, ஐம்பது அடி இடைவெளி விட்டுக் கடந்தார்கள். தாங்கியது. கடைசி அடி வைத்தபோது அவள் உள்ளாடை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. ஒருவேளை கை ஏமாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மனசு அப்படித்தான் தனக்குத் தானே வக்காலத்து வாங்கும்.

கொட்டகையில் புல் இறுகிக் கிடந்தது. மண்வெட்டி போல நின்றபடி காலால் மிதித்து இறக்கும் புல்வெட்டுக் கத்தியால் கட்டிகளாக அறுத்து மூன்று வண்டிகளில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் மூன்று இழுகட்டு. வேலை முடிய மணி பதினொன்றாகிவிட்டது. வெயில் சாய்வில் முழுசாக விழுந்திருந்தது.

மறுபடி போர்வையின் ஓரம். ஃபிலோமெனா வண்டியை நிறுத்திவிட்டுக் கோலைத் திருப்பினாள்.

விகில் கொம்பை விட்டுவிட்டு அவளிடம் வந்தான்.

"என்ன பண்றீங்க?"

"இன்னொரு தடவை பார்க்கிறேன்."

"காலையில பார்த்தாச்சு."

"காலையில மூணு ஆள் வெறும் வண்டியோட வந்தோம், விகில். இப்ப ஒவ்வொரு வண்டியும் நாலு ஆள் கனம். பின்னாடி கட்டு வேற ஏர் மாதிரி உழுதுகிட்டு வரும். மேல் பலகையை அறுத்துடும். அடியில..."

"அடியில?"

அவள் கையிலிருந்த கோலைப் பார்த்தாள்.

"அடியில என்ன? சொல்லு." அவன் மரியாதையை விட்டுவிட்டான். "ரெண்டாம் தடவை கேட்டா முதல் வார்த்தை பொய்னு அர்த்தம். காலையில பொய்யா சொன்ன?"

கசியன் வேறு பக்கம் பார்த்தான். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றிருந்தால் விகில் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான். ரோமெதின் வீட்டுக் கோலை அதன்பின் யாரும் மதித்திருக்கமாட்டார்கள். ஆனால் அவன் போயிருக்கமாட்டான்.

"இல்ல," என்றாள் ஃபிலோமெனா.

"அப்ப நகரு."

"காடு வழியா சுத்திப் போவோம். பாதிப் புல்லைப் போட்டுட்டு..."

"பாதிப் புல்லுக்குப் பாதி மாடு சாகும். எதுன்னு நீ சொல்வியா? நகருடி!"

அவன் தோளால் இடித்துத் தள்ளினான். அவள் விழுந்து எழுந்தபோது அவன் கொம்பைப் பிடித்துக் குனிந்திருந்தான். அவள் இரண்டு கையாலும் கோலைச் சுழற்றி அவன் வாயில் அடித்தாள்.

பல் பனியில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. விகில் மண்டியிட்டான். ரத்தத்தைத் துப்பினான். பிறகு எழுந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பனியில் முகத்தை அழுத்தி, கோலைப் பிடுங்கித் தொடையில் வைத்து முறித்தான். இரண்டு துண்டையும் சாய்வின் மேல் விட்டெறிந்தான்.

"இனி யாரைக் கேப்ப?" என்றான். பல் இல்லாததால் அது சிரிப்பு போலக் கேட்டது.

"டேய், போதும்டா, ரெண்டு பேரும்..." என்று கசியன் ஆரம்பிப்பதற்குள் விகில் வண்டியோடு போர்வையில் இறங்கிவிட்டான்.

அழகாகத்தான் போனான். குதிகால் இரண்டும் பனியைச் சீவின. பின்னால் மூன்று கட்டுகளும் முழங்கால் ஆழத்துக்குச் சால் போட்டுக்கொண்டே போயின. நடுவுக்கு வந்தபோது தானிய மூட்டையை மாடியிலிருந்து போட்டது போல ஒரு சத்தம். தொம். காதுக்கு முன்னால் காலுக்குத்தான் அது கேட்டது. அந்தச் சாலிலிருந்து ஒரு கீறல் மேல்நோக்கி ஓடியது, துணி கிழிவது போல வேகமாக. ஃபிலோமெனாவின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் புகுந்து போனது. அதற்கப்புறம் போர்வை முழுக்க ஒரே நேரத்தில் நகர்ந்தது.

பலகைகள் கதவளவு, கட்டிலளவு உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறின. விகில் ஒருமுறை தெரிந்தான், இடுப்பு வரை. வாய் திறந்திருந்தது. ஒரு பலகை அவனை முதுகில் அடித்து மடக்கியது. பிறகு எல்லாம் புகை. காற்று வந்து கசியனைத் தூக்கி ஒரு லார்ச் மரத்தோடு அறைந்தது. மரங்கள் ஒடியும் சத்தம் கீழே வெகுநேரம் கேட்டது. கடைசியில் எதுவும் கேட்கவில்லை.

ஃபிலோமெனா ஓடினாள். பனி உரிந்துபோன தரையில் செத்த புல் தெரிந்தது. அதில் வழுக்கி, உருண்டு, மறுபடி ஓடினாள். கையில் புல்வெட்டுக் கத்தி இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கீழே பள்ளத்தில் பனி அலமாரி அலமாரியாகக் குவிந்திருந்தது. நின்ற மறுநிமிஷமே சுண்ணாம்புக் காரை போல இறுகியிருந்தது. அதன்மேல் ஒரு புல்கட்டு கிடந்தது. புல்லுக்குக் கனம் கிடையாது, மிதந்துவிட்டது. அதன் கயிறு பனிக்குள் போனது. அவள் இழுத்தாள். அசையவில்லை. கயிற்றையொட்டிக் கத்தியை இறக்கினாள்.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த கசியன் உடைந்த வண்டிப்பலகையால் அள்ளிப்போட்டான். அவன் நெற்றியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் ஆழத்தில் வண்டி வந்தது. கவிழ்ந்திருந்தது. கொம்பின் தோல்வாரில் ஒரு கை மாட்டியிருந்தது. மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

"கத்தியை வை, மேனா! முகம் அங்கதான் இருக்கும். கையால நோண்டு!"

"கையால நோண்டினா சாயந்திரம் ஆகும்."

"வெட்டிடுவ அவனை!"

"செத்திருந்தா வலிக்காது. உயிரோட இருந்தா ரத்தம் வரும்," என்றாள். மறுபடி மிதித்தாள்.

நான்காவது மிதியில் வந்தது. வெள்ளையில் சிவப்பு மெதுவாக ஊறி, பிறகு வேகமாகப் பரவியது. கசியன் மாதாவைக் கூப்பிட்டான். அவள் கத்தியை எறிந்துவிட்டு அந்தச் சிவப்புக்குள் பத்து விரலையும் விட்டாள். தாடை, காது, மூக்கு. வாய்க்குள் பனி அடைத்திருந்தது. விரலைவிட்டு வழித்து எடுத்தாள். முகம் சாம்பல் நிறம். கசியன் அவன் நெஞ்சில் முஷ்டியால் குத்தினான், கதவு தட்டுவது போல, திறக்காத கதவை உடைப்பது போல. விலா எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. ஆறாவது குத்தில் விகில் இருமினான்.

மேலே நின்ற அவள் வண்டியிலிருந்து பாதிப் புல்லைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின்மேல் அவனைப் படுக்க வைத்து இறக்கினார்கள். அன்று பதினொரு மாடுகளுக்கும் மேலேயிருந்து வந்தது அந்தப் பாதி வண்டிதான். ரத்தம் பட்ட புல்லை எதுவும் தொடவில்லை. பசியிலும் தொடவில்லை.

கீழூரிலிருந்து வந்த டாக்டர் தையல் போட்டார். அவர் இத்தாலிய மொழியில் திட்டியது பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. இரவுக்குள் ஊர் தீர்ப்பு சொல்லிவிட்டது. அவள் கோலை மறுபடி கேட்டாள், அவன் கோலையே முறித்தான், கடவுள் காட்டிவிட்டார். கிணற்றடியில் அன்றுவரை அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் வாசலில் ரொட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அவள் பார்லிக் கஞ்சி கொண்டுபோனாள். அண்ணனும் தம்பியும் ஒரே அறையில், எதிரெதிர்க் கட்டிலில். விகிலுக்கு வாய் பாதிதான் திறந்தது.

"அண்ணி," என்றான். "என் மேலதான் தப்பு. நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. கை வெச்சிட்டேன் உங்க மேல."

வாசலில் இருந்த ரொட்டியை அவள் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை அவன் நல்ல கையில் கொடுத்தாள்.

"காலையிலயே தெரியும்," என்றாள்.

"என்ன?"

"முதல் தடவை இறக்கினப்பவே கோல் விழுந்துடுச்சு. அடியில ஒண்ணுமில்ல. தெரிஞ்சேதான் தாங்குதுன்னு சொன்னேன்."

எதிர்க் கட்டிலில் ரோமெத் கண்ணை மூடிக்கொண்டான். விகில் அவளையே பார்த்தான். புரிய நேரமாயிற்று, புரிந்ததும் முகத்தில் தையல் இழுத்துக்கொண்டது.

"நான் கேட்டேனே," என்றான். "அங்க நின்னு கேட்டேனே, பொய்யா சொன்னியான்னு. மூஞ்சியைப் பார்த்துக் கேட்டேனே!"

"கேட்ட."

"இல்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

கிண்ணம் அவள் நெற்றியில் பட்டு உடைந்தது. கஞ்சி கண்ணில் வழிந்தது, அதோடு ரத்தமும். விகில் கத்த முயன்றான், விலா விடவில்லை. கத்த முடியாத கோபத்தில் சுவரைக் காலால் உதைத்தான், உதைத்துக்கொண்டே இருந்தான். அவள் ஓடுகளைப் பொறுக்கி இடுப்பில் கட்டியிருந்த துணியில் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?" என்றான் ரோமெத்.

"புல்லுக்கு."

அவளைப் பேசாத வாய் அன்று ஊரில் இல்லை. கொழுந்தன் ரத்தம் துப்பிக்கொண்டிருக்கிறான், இவள் வண்டியை இழுத்துக்கொண்டு மலைக்குப் போகிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். போர்வை உரிந்துவிட்டது. இன்று அதைவிடப் பத்திரமான வழி பள்ளத்தாக்கிலேயே இல்லை. மாடுகளுக்கு நாளை வரைதான் புல்.

கசியன் தலையில் கட்டோடு பாதி வழியில் வந்து சேர்ந்துகொண்டான். அவள் எல்லாவற்றையும் அவனிடமும் சொன்னாள். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். அவனுக்கு அது பெரிய தூரம்.

"உன் வார்த்தையை நம்பி வரல, தங்கச்சி," என்றான் கடைசியில். "அதை நேத்தோட விட்டாச்சு. மண்ணு தெரியுது, அதனால வரேன்."

ஐந்து நாளில் பதினான்கு வண்டி இறக்கினார்கள். பத்து மாடுகள் பிழைத்தன. சினையில் ஒன்று கன்றைப் பாதியில் போட்டுவிட்டு மறுநாள் செத்தது.

விகில் ஏப்ரலில் நடந்தான். அண்ணியிடம் பேசவில்லை. அவள் வைத்ததைச் சாப்பிட்டான். அவள் இருந்த பக்கம் பார்க்கவில்லை. இலையுதிர்காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். பொய் சொன்ன கையில் இனி கோல் வேண்டாம், விகிலே எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். விகில் எழுந்து வெளியே போனான். இரண்டு வாரம் கழித்து, புதிதாகச் சீவிய ஆஷ்மரக் கோல் ஒன்றைச் சமையலறைத் தரையில், அவள் காலடியில் எறிந்தான்.

"எடு," என்றான். ஒன்பது மாதத்தில் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. "பொய் சொன்ன வாய் இன்னொரு தடவை சொல்லப் பயப்படும். பயந்த வாய்தான் எனக்கு வேணும். ஆனா போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கேக்காம ஒரு அடி வெச்ச, இந்தக் கோலாலயே மண்டையைப் பிளப்பேன்."

அந்த டிசம்பரில் மூன்று வண்டிகளும் ஏற்றிய சுமையோடு போர்வையின் ஓரத்தில் நின்றன. காலையில் தாங்குது என்றிருந்தாள், கடந்திருந்தார்கள். இப்போது கோலைத் திருப்பினாள். ஓரிடத்தில் இறக்கினாள். நான்கடி தள்ளி இன்னொரு இடத்தில். பிறகு இடுப்பு ஆழத்தில் இறங்கி, கையால் பனியை வெட்டி, பக்கச்சுவரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"குளிர்ல என் ஒண்ணுக்கு உறைஞ்சுடும் போலிருக்கு," என்றான் கசியன்.

விகில் கொம்பைப் பிடித்தபடி நின்றான். மூச்சு மட்டும் புகைந்தது.

"தாங்காது," என்றாள் ஃபிலோமெனா.

விகில் வண்டியை உதைத்தான். அவளைத் திட்டினான், அவள் பிறந்த பள்ளத்தாக்கைத் திட்டினான், அங்கே அவளைத் தோண்டியெடுத்தவனைத் திட்டினான். கத்தியை உருவி, ஏற்றத்தில் வெறும் பாரமாகும் மூன்று இழுகட்டுகளின் கயிற்றையும் அறுத்தெறிந்தான். பிறகு வண்டியைத் திருப்பி, காடு வழியாகச் சுற்றிப் போகும் ஏற்றத்துக்கு, தோளைக் கொடுத்து இழுக்கத் தொடங்கினான்.